லினக்ஸுக்கு மாறப் போகிறீர்களா? முதல் லேப்டாப் வாங்கும் முன் நம்ம பக்கத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நம் வீடுகளில் லேப்டாப் பேச்சு எடுத்தாலே இரண்டு ஊர் ஞாயம் கலந்துவிடும். பிள்ளை படிப்பது கேரளப் பள்ளியில், தமிழ் மீடியத்தில். லேப்டாப் வாங்கப் போவது கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ. பள்ளியில் லினக்ஸ், கடையில் விண்டோஸ். லினக்ஸும் விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் மென்பொருள்தான் (ஓஎஸ்). சாயங்காலம் எங்கள் திண்ணையில் பழைய லேப்டாப்போடு வந்து உட்காருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய கடைக்காரனாக இருந்து எழுதவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக அக்கம்பக்கத்து மெஷின்களில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

“பையன் ஸ்கூல்ல பாக்கறது ஒண்ணு, கடையில விக்கறது ஒண்ணா இருக்குதுங்களே. ஏனுங்க?”

கேரள அரசுப் பள்ளிகளும் எய்டட் பள்ளிகளும் 2000-களின் நடுவிலிருந்தே கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற வகை) மாறிவிட்டன. முதலில் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டமாக இருந்தது, 2017-ல் கைட் என்ற அரசு நிறுவனமானது. பள்ளிக் கணினிகளில் இருக்கும் ‘கைட் குனு லினக்ஸ்’ உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. லிப்ரே ஆபீஸ், ஜியோஜீப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப், பைத்தான், ஸ்க்ராட்ச் எல்லாம் அதிலேயே இருக்கும். பத்தாம் வகுப்பில் ஐடி ஒரு தனிப் பாடம், செய்முறைத் தேர்வும் உண்டு. அந்தப் பாடநூல் தமிழிலும் வருகிறது.

அந்தப் பக்கத்து நடைமுறை வேறு. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ், மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய லினக்ஸ். ஆனால் வாங்கின பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோஸ் பக்கமே போனார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறாள். வீட்டிலும் அதே கணினி இருந்தால் பள்ளியில் பாதியில் விட்ட வேலையைப் பிள்ளை வீட்டில் முடிக்கலாம்.

“எல்லாரும் மாறலாமுங்களா?”

கூடாது. யார் மாறக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், காசு போட்ட பிறகு வருத்தப்பட வேண்டாம்.

டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் மாற வேண்டாம். டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதை லினக்ஸில் இழுத்துப் பிடித்து ஓட்டுகிற வழிகள் இருந்தாலும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் கட்டும் கடைசி நாளில் அந்த வழிகளை நம்பி உட்கார முடியாது. அக்ஷயா மையமோ இ-சேவை மையமோ வைத்திருப்பவர்களும் விண்டோஸிலேயே இருங்கள். ஆதார் கைரேகைக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பித்தான் வருகிறது. கல்யாண ஆல்பம் அடிக்கும் தம்பிகளுக்கு போட்டோஷாப் இல்லாமல் நடக்காது. மெக்கானிக்கல், சிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் வேண்டும். இவையெல்லாம் லினக்ஸுக்கு வருவதில்லை. கல்லூரியிலோ வேலைத் தேர்விலோ கேமரா வைத்துக் கண்காணிக்கும் ஆன்லைன் பரீட்சை இருந்தால், அந்த மென்பொருள் எதில் ஓடும் என்று விதிமுறைத் தாளில் பாருங்கள். பலவற்றில் விண்டோஸ், மேக் இரண்டும்தான் இருக்கும்.

இனி மாறலாம் என்கிறவர்கள். பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்கள், அரசு வேலைக்காகக் கேரள பிஎஸ்சி தேர்வுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ படிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள், பேங்க் வேலையும் மெயிலும் யூடியூபும் போதும் என்கிற வீடுகள். பிரவுசருக்குள் நடக்கும் எந்த வேலையும் லினக்ஸில் நடக்கும். ஜூம் செயலி லினக்ஸுக்கும் உண்டு. கூகுள் மீட்டும் வாட்ஸ்அப் வெப்பும் பிரவுசரிலேயே ஓடும்.

வீட்டில் ஒரே லேப்டாப், அதில் அப்பாவுக்கு டேலி, மகளுக்கு ஐடி பாடம் என்றால்? அதற்கும் வழி இருக்கிறது, கீழே ‘இரண்டையும்’ என்ற கேள்வியில் பாருங்கள்.

“இருக்கற பழைய லேப்டாப்பையே வச்சுக்கலாமா, புதுசு வாங்கணுமா?”

முதலில் பழையதில் போட்டுப் பாருங்கள். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தன. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். 2015, 2016 வாக்கில் வாங்கின ஏராளமான லேப்டாப்கள் இதில் அடிபட்டுப் போகின்றன. “இது ஓல்டு மாடல், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க” என்று கடையில் சொல்வது இதனால்தான். ஆனால் அந்த மெஷினில் 4 ஜிபி ரேம் இருந்தாலும் லினக்ஸ் மின்ட் என்ற வகை ஓடும். 8 ஜிபி இருந்தால் தாராளம். உள்ளே சுற்றும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றி ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான டிஸ்க்) மாட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே, சுவிட்ச் போட்டுவிட்டுக் காப்பி குடித்து வருகிற கதை முடிந்துவிடும்.

இரண்டு மாதம் பழையதில் ஓட்டுங்கள். எந்த வேலை இதில் நடக்கவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதன் பிறகும் புதிது வேண்டுமென்று தோன்றினால், எது வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லும்.

“வாங்கறதுன்னு முடிவாயிருச்சு. புதுசா, செகண்ட் ஹேண்டா?”

முதல் லினக்ஸ் லேப்டாப்புக்கு, கம்பெனிகளில் ஓடித் திரும்பி வந்த பழைய மெஷினைத்தான் நான் சொல்வேன். லெனோவோ திங்க்பேட், டெல் லாடிட்யூட், ஹெச்பி எலைட்புக் ஆகிய வரிசைகள். ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாக மாற்றும்போது இவை சந்தைக்கு வருகின்றன. காரணம் விலை மட்டுமில்லை. இந்த வரிசைகளை உலகம் முழுக்க லினக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்கள் அதிகம். அதனால் அவற்றில் உள்ள கோளாறுகள் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு, சரி செய்யப்பட்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய்விட்டன. பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பைக்கூட லினக்ஸுக்குள் இருந்தே செய்துகொள்ளும் வசதியை இந்த மூன்று நிறுவனங்களும் பல மாடல்களுக்குத் தருகின்றன.

எடுத்துக்காட்டுக்கு திங்க்பேட் டி480. 2018-ல் வந்தது, எட்டாம் தலைமுறை இன்டெல். ரேம் மாட்ட இரண்டு இடம் உண்டு. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொன்று. கீழ்மூடியைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். நாளைக்கு உங்கள் பிள்ளையே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து ரேம் மாற்றலாம். இதே பெயரோடு எஸ் என்ற எழுத்தும் சேர்ந்த டி480எஸ் மாடலில் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே பற்ற வைத்திருக்கும். ஒரு எழுத்துதானே என்று விட்டுவிடாதீர்கள்.

புதிதுதான் வேண்டும் என்றால், சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன மாடலைப் பாருங்கள். நேற்று வெளியான லேப்டாப்பின் வைஃபையும் ஒலியும் லினக்ஸுக்குப் பழக நாளாகும். விண்டோஸ் இல்லாமல், உபுண்டுவோ டாஸோ போட்டு விற்கும் மாடல்களும் உண்டு, அவற்றில் கொஞ்சம் விலை குறையும். உபுண்டுவின் தளத்தில் அவர்களே சோதித்துச் சான்று கொடுத்த மாடல்களின் பட்டியல் இருக்கிறது. வாங்கப் போகும் மாடல் அதில் இருந்தால் கவலை பாதி குறையும்.

“அட்டையில என்னென்ன பாக்கணும்?”

ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் அதிகம். லினக்ஸுக்கு அதைவிட வைஃபை சில்லு முக்கியம். இன்டெல் வைஃபை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிராட்காம் என்றால் தனி டிரைவர் தேடி அலைய வேண்டியிருக்கும். ரியல்டெக், மீடியாடெக் சில்லுகளில் சில நன்றாக ஓடும், சில ஓடாது. போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

என் அத்தை மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் இதைத்தான் கோட்டை விட்டேன். நல்ல விலை, பளபளவென்று இருந்தது, கடையில் விண்டோஸில் எல்லாம் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து உபுண்டு போட்டால் வைஃபை என்ற வரியே திரையில் இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு மாதம் அந்தப் பெண் போனை யூஎஸ்பி வயரில் செருகி, டெதரிங் போட்டு ஆன்லைன் வகுப்பு பார்த்தாள். பிறகு உள்ளிருந்த வைஃபை கார்டைக் கழற்றி இன்டெல் கார்டு மாற்றினோம், சரியானது. அந்த இரண்டு மாதம் ஒவ்வொரு தடவை அத்தை வீட்டுக்குப் போகும்போதும் எனக்கு மனசு சங்கடப்பட்டது. அடுத்த கேள்விக்கான பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அந்த லேப்டாப்தான் காரணம்.

மற்றவை சுருக்கமாக. ரேம் 8 ஜிபி போதும், 16 இருந்தால் ஐந்தாறு வருடம் கவலையில்லை. எஸ்எஸ்டி 256 ஜிபி போதும். கிராபிக்ஸுக்கு இன்டெல்லோ ஏஎம்டியோ உள்ளேயே இருப்பது நல்லது. என்விடியா தனி கார்டு இருந்தால் அதற்கென்று டிரைவர் போட வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். கேம் ஆடாத வீட்டுக்கு அது எதற்கு? கைரேகை பார்க்கும் பட்டனை நம்பி வாங்காதீர்கள். லினக்ஸில் அது பல மாடல்களில் வேலை செய்வதில்லை.

“கடையில வச்சே செக் பண்ண முடியுமுங்களா?”

முடியும். எட்டு ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். மின்ட் கோப்பு 3 ஜிபிக்குள் வரும். அதை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் கொண்டு பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். சும்மா காப்பி பண்ணிப் போட்டால் ஓடாது, இந்த மென்பொருளில் ஒன்றைக் கொண்டுதான் எழுத வேண்டும். இது எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். கடைக்காரரின் விண்டோஸில் ஒரு எழுத்துகூட மாறாது. இதை அவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் பயப்படுவது இதற்குத்தான்.

போன மாசி மாதம் ஒரு அண்ணனோடு செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போனபோது செய்ததை அப்படியே சொல்கிறேன். மெஷினை அணைத்து, பென் டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்தியதும் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தோம். லெனோவோவுக்கும் டெல்லுக்கும் எஃப்12, ஹெச்பிக்கு எஃப்9, ஏசஸுக்கு எஸ்கேப். பட்டியல் வந்தது, யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்றரை நிமிடத்தில் மின்ட் திரை வந்தது. முதலில் வைஃபை. கடையின் பாஸ்வேர்டு கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் போன் ஹாட்ஸ்பாட் போதும். ஒரு தமிழ்ப் பாட்டை யூடியூபில் போட்டோம். ஸ்பீக்கர் கேட்டது. ஹெட்போன் செருகினோம், ஸ்பீக்கர் அடங்கி ஹெட்போனில் வந்தது. ஒலியைக் கூட்டும் சாவி, வெளிச்சத்தைக் குறைக்கும் சாவி, கேமரா, மைக், டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்துவது, எல்லா யூஎஸ்பி ஓட்டைகளும், எச்டிஎம்ஐ வயர். பிறகு மூடியை மூடி ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத் திறந்தோம். திறந்ததும் அதே திரை, அதே பாட்டு. தூங்கி எழுந்திருப்பதில்தான் பல லேப்டாப்கள் லினக்ஸில் தடுமாறும். அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக பேட்டரி. மெனுவில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று இருக்கும். அதில் பேட்டரியைத் தட்டினால் இரண்டு எண் தெரியும். ஒன்று அது புதிதாக இருந்தபோது தாங்கிய அளவு, இன்னொன்று இப்போது நிறைய சார்ஜ் ஏற்றினால் தாங்கும் அளவு. அன்றைக்கு அந்த மெஷினில் 24 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருந்தது. “பேட்டரி சூப்பரா நிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திரையைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் புது பேட்டரியின் விலையைக் கழித்துக் கேட்டார், கழித்துக் கொடுத்தார். பதினைந்து நிமிட வேலை.

பென் டிரைவ் போட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், தெரிந்தவராகவும் இருக்கலாம். வேறு கடைக்குப் போங்கள்.

“கோயம்புத்தூர்ல வாங்கறதா, பாலக்காட்லயா? வரி வித்தியாசம் இருக்குதுங்களா?”

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இரண்டு பக்கமும் ஒன்றுதான். கேரளத்தில் 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை வெள்ள செஸ் என்று 1 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தப் பக்கம் போனால் மிச்சம் என்ற பேச்சு அதிலிருந்துதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அது இல்லை. கோவையில் செகண்ட் ஹேண்ட் கடைகள் அதிகம், பார்த்துப் பொறுக்கலாம். ஆனால் ரிப்பேர் என்றால் எந்த ஊருக்கு பஸ் பிடிப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள். பில் வாங்காமல் வராதீர்கள், அதில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும்.

“எந்த லினக்ஸ்?”

விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு மின்ட் சினமன். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, கண் தேடுகிற இடத்தில் எல்லாம் இருக்கும். பள்ளியில் பழகிய பிள்ளைக்கு உபுண்டு. பழைய மெஷினுக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை. உபுண்டு 24.04-ம் அதன் மேல் கட்டிய மின்ட் 22-ம் 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் பெறும். இதற்கு மேல் ஆராய்ச்சி முதல் வருடத்துக்கு வேண்டாம்.

“தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூணும் அடிக்கணும். முடியுமுங்களா?”

நம் ஊருக்கே உரிய கேள்வி இது. பஞ்சாயத்துக்கு மனு மலையாளத்தில், பள்ளிக்குக் கடிதம் தமிழில், பேங்குக்கு ஆங்கிலத்தில். விண்டோஸில் என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ பழகியவர்கள் அது லினக்ஸுக்கு இல்லை என்று கேள்விப்பட்டதும் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதற்குப் பதிலாக இங்கே ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை இருக்கிறது. அதோடு எம்17என் என்ற தொகுப்பையும் போட்டால் தமிழ்99, போனடிக், இன்ஸ்கிரிப்ட் என்ற விசைப்பலகை முறைகள் எல்லாம் வரும். மலையாளத்துக்கும் அதே மாதிரி. உபுண்டுவில் விண்டோஸ் சாவியையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

இதில் ஒரு நுணுக்கம். தமிழ்99 என்ற பெயரில் பட்டியலில் இரண்டு வரும். சாதாரண விசைப்பலகை அமைப்பில் வரும் தமிழ்99-ஐ எடுத்தால் எழுத்து வரும், ஆனால் தமிழ்99-ன் மூளை வராது. தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் ‘அம்மா’ என்று வர வேண்டும். அப்படி வராமல் முதல் ‘ம’ புள்ளி இல்லாமல் நின்றால் நீங்கள் தவறானதை எடுத்திருக்கிறீர்கள். எம்17என் என்று பக்கத்தில் எழுதியிருப்பதை எடுங்கள், சரியாகிவிடும். இந்தச் சின்ன விஷயத்தில் சலித்து லினக்ஸையே விட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு கிளிக்கில் தீர்ந்திருக்க வேண்டியது.

லிப்ரே ஆபீஸில் இன்னொன்று. எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறி தமிழ் அப்படியே நிற்கும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் அது தனி எழுத்துரு, தனி அளவு வைத்துக்கொள்கிறது. மொழி அமைப்புக்குள் போய் ‘காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை டிக் செய்தால் அதற்கான பெட்டி திறக்கும்.

எழுத்துருவுக்கு என் சிபாரிசு மீரா இனிமை. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு, மலையாளத்துக்குச் செய்த மீரா எழுத்துருவுக்குத் துணையாகத் தமிழுக்குச் செய்து கொடுத்தது. இரண்டு மொழியும் ஒரே தாளில் வரும்போது கோட்டின் கனமும் உயரமும் ஒத்துப்போகும். எங்கள் கோவில் கும்பாபிஷேக நோட்டீஸைத் தமிழிலும் மலையாளத்திலும் அடித்தபோது இதைத்தான் போட்டேன். இரண்டும் ஒரே கை எழுதின மாதிரி இருந்தது.

“பழைய வானவில், பாமினி ஃபைல் எல்லாம் என்ன ஆகும்?”

அவை ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், விண்டோஸாக இருந்தாலும், குப்பையாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டால் படிக்கலாம். ஆனால் மாறுகிற நேரத்திலேயே முக்கியமான கோப்புகளை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றிவிடுங்கள், அதற்கான இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் பழையதை அழிக்காதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும் இடங்கள் இருக்கும்.

“பிரின்டர்?”

லேப்டாப் வாங்கும் முன் பிரின்டரின் பெயரைப் போய்ப் பாருங்கள். வைஃபை உள்ள புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் ஓடுகின்றன. ஹெச்பிக்கு ஹெச்பிலிப் என்ற மென்பொருள் இருக்கிறது. லேசர்ஜெட் 1020 மாதிரிச் சிலவற்றுக்கு அதோடு ஒரு கூடுதல் பிளக்-இன்னும் இறக்க வேண்டும். எப்சனும் பிரதரும் லினக்ஸ் டிரைவர் தருகிறார்கள். சிக்கல் கேனான் எல்பிபி 2900-ல். ஜெராக்ஸ் கடைகளில் வருடக்கணக்காக உழைக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி, பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடும் வகை. அதற்கான டிரைவரை லினக்ஸில் நிறுத்தி வைப்பது பெரும்பாடு. அது இருக்கும் வீட்டில், அச்சடிப்பதற்கென்று பழைய விண்டோஸ் மெஷின் ஒன்றை விட்டுவையுங்கள்.

“ஒரே லேப்டாப்புல ரெண்டையும் வச்சுக்கலாமா?”

வைக்கலாம். ஆரம்பத்தில் அதுதான் பாதுகாப்பும்கூட. ஆனால் மூன்று காரியத்தை முதலில் முடிக்க வேண்டும். முதலாவது, கோப்புகளை வெளி டிரைவில் எடுத்து வைப்பது. இரண்டாவது, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். இப்போதைய விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸைத் திறந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லினக்ஸைத் தொடும் முன்பே எடுத்துத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். போனில் போட்டோ எடுத்தால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். மூன்றாவது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது. அணைக்காவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும், லினக்ஸால் அதில் எழுத முடியாது.

சில இன்டெல் லேப்டாப்களில் லினக்ஸ் போடப் போனால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். டிஸ்க் கெட்டுப் போகவில்லை. பயாஸில் அது ரெய்டு என்றோ விஎம்டி என்றோ வைக்கப்பட்டிருக்கும், அதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். அப்படியே மாற்றினால் விண்டோஸ் எழுந்திருக்காமல் போகலாம். விண்டோஸும் வேண்டும் என்கிறவர்கள் இதைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

“மேக்புக், குரோம்புக் எல்லாம்?”

மேக்புக் நல்ல மெஷின். ஆனால் வாங்கின பிறகு ரேமைக் கூட்ட முடியாது, ரிப்பேர் செலவும் நம் கைக்கு அடங்காது. அதில் லினக்ஸ் போட எண்ணி வாங்காதீர்கள். எம்1, எம்2 மாடல்களுக்கு அசாகி என்ற ஒரு முயற்சி இருக்கிறது, முதல் தடவை மாறுகிறவர்களுக்கு அது ஏற்றதில்லை. குரோம்புக் எப்போதும் நெட் இருக்கிற வீட்டுக்குச் சரி. அதற்கும் கூகுள் வைத்த ஒரு காலக்கெடு உண்டு, பழையது வாங்கினால் அந்தத் தேதியைப் பாருங்கள்.

“லினக்ஸ் போட்டா வாரன்ட்டி போயிருமா?”

லேப்டாப்பின் உடலுக்குத் தரும் வாரன்ட்டி, உள்ளே எந்த ஓஎஸ் இருக்கிறது என்பதால் பொதுவாகப் போவதில்லை. சர்வீஸுக்கு வருகிறவர் “விண்டோஸ் இருந்தால்தான் பார்ப்பேன்” என்று சொன்னால், பயாஸுக்குள்ளேயே இருக்கும் டயக்னாஸ்டிக் சோதனையை ஓட்டச் சொல்லுங்கள். டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றிலும் அது உண்டு.

“நம்மூரு வெயிலுக்குத் தாங்குமா?”

பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மற்ற மாதங்களில் கணவாய்க் காற்று புழுதியை அள்ளி வந்து வீட்டுக்குள் கொட்டுகிறது. அந்தப் புழுதி லேப்டாப் விசிறியில் போய்ப் படியும். பழைய மெஷின் வாங்கினால் முதல் வேலையாக மூடியைத் திறந்து விசிறியைச் சுத்தம் செய்து, பிராசசர் மேல் புது தெர்மல் பேஸ்ட் தடவச் சொல்லுங்கள். டி480 மாதிரி மெஷினில் அது அரை மணி நேர வேலை. கட்டில் மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள், அடியில் காற்று போகாது. ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ போதும்.

“போட்டாச்சு. மொத வாரம் என்ன பண்றது?”

முதல் நாள் அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள், நேரம் பிடிக்கும். அடுத்து டைம்ஷிஃப்ட். மின்டில் அது கூடவே வரும். அதில் ஒரு நகல் எடுத்துவைத்தால், எதையாவது தொட்டுக் கெடுத்துக்கொண்டாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது கணினியின் அமைப்பைத்தான் காக்கும். போட்டோக்களையும் மார்க் ஷீட்டுகளையும் வெளி டிரைவில் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு தமிழ் விசைப்பலகை, பிரின்டர். இவ்வளவும் ஆன பிறகு லேப்டாப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பள்ளியில் செய்ததை உங்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள்.